மின்சாரம் இல்லாத முகாமின் இரைச்சல்: ரஸ்டிக் கேம்ப்பிங், பல கோடைகளுக்குப் பிறகு

அமெரிக்காவின் வட மிச்சிகனில் உள்ள தேசிய வன முகாம்களில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது கூடாரம் அடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு மர மேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், சமன்செய்த மண் தரை, நடந்து போகும் தூரத்தில் அடிபம்பும் தொட்டிக் கழிப்பறையும் இருக்கும். மின் இணைப்பு, குளியலறை, வைஃபை எதுவும் இருக்காது. இப்படித் தங்குவதைத்தான் ரஸ்டிக் கேம்ப்பிங் என்கிறார்கள். கட்டணம், மின் இணைப்புள்ள மாநிலப் பூங்காவில் கேட்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஓ சாபிள் ஆற்றை ஒட்டிய, ஜாக் பைன் என்னும் ஊசியிலை மரக் காடுகளில் பல கோடைகளாகத் தங்கிப் பழகிய எனக்கு, இல்லாத வசதிகளைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. மின்சாரம் இல்லை என்பதற்காகவே தேடிப் போகும் இடத்தில்தான் மின்சாரம் உண்டாகும் சத்தத்தை மணிக்கணக்காகக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் தீராத எரிச்சல். குறை காட்டின் மீது அல்ல, பக்கத்து இடத்துக்காரர் மீது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாநிலப் பூங்காவில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறிய மின்கம்பம் நிற்கும். எவ்வளவு பெரிய ஆர்வி (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) வந்தாலும் கேபிளை மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கூரையில் ஏசி ஓடும் முனகலைத் தவிர வெளியில் இருப்பவருக்கு வேறெதுவும் கேட்காது. அதே ஆர்வி ரஸ்டிக் முகாமுக்கு வரும்போது நடப்பது வேறு. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த கையோடு பின்பக்கத்திலிருந்து ஜெனரேட்டரை இறக்கி, தம் டிரெய்லரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, அதாவது என் கூடாரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்து, கயிற்றை இழுப்பார்கள். கரண்ட் இருக்கும் இடத்தில் அமைதியும் இல்லாத இடத்தில் இரைச்சலும் என்று கணக்கு இப்படித் தலைகீழாகப் போய்விட்டது. இது முன்பும் இருந்ததுதான் என்றாலும், 2021ஆம் ஆண்டில் மட்டும் வட அமெரிக்கச் சந்தைக்கு 6 லட்சத்துக்கும் அதிகமான புதிய ஆர்விகள் வந்தன என்பதும், அவற்றில் ஒரு பங்காவது விலை குறைந்த இடம் தேடிக் காட்டுக்குள் வரத்தானே செய்யும் என்பதும் நினைவிருந்தால், நிலைமை ஏன் மோசமானது என்பது விளங்கும்.

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது. பெரும்பாலானோர் அதற்குக் கட்டுப்படவும் செய்கிறார்கள். ஆனால் இந்தப் பகுதியில் ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு 9:20 ஆகிறது. காட்டில் ஒரு நாளின் மிகச் சிறந்த பொழுது என்று நான் நினைக்கும் அந்த அந்தி வெளிச்சம் முழுவதும், காற்று அடங்கி, ஏரி அசையாமல் நின்று, விப்-புவர்-வில் என்னும் பக்கி இனப் பறவை தன் பெயரையே ஓயாமல் திரும்பத் திரும்பக் கூவத் தொடங்கும் நேரம் முழுவதும், விதிப்படி ஜெனரேட்டருக்கே உரியது. சரியாக 10 மணிக்கு இயந்திரம் நிற்கும்போது இருட்டிவிடுகிறது. குழந்தைகள் அதற்குள் தூங்கியிருப்பார்கள்.

காலையும் இதே கதைதான். இந்தக் காடுகளில்தான் கர்ட்லண்ட் வார்ப்ளர் என்னும் மஞ்சள் வயிற்றுச் சிறு குருவி, இளம் ஜாக் பைன் மரங்களுக்கு அடியில் தரையில் கூடு கட்டுகிறது. அதைக் கணக்கெடுப்பவர்கள் கண்ணால் எண்ணுவதில்லை. விடியலுக்குப் பின் பாடும் ஆண் பறவைகளைக் காதால் கேட்டு எண்ணுகிறார்கள். 1974இலும் 1987இலும் இப்படி எண்ணியபோது கிடைத்தவை 167 ஆண் பறவைகள் மட்டுமே. காட்டைத் திட்டமிட்டு வெட்டியும் புதிதாக நட்டும், இந்தக் குருவியின் கூட்டில் முட்டையிடும் கௌபேர்டுகளைப் பிடித்து அகற்றியும், பல பத்தாண்டுகள் உழைத்து மீட்டெடுத்த பிறகு, 2019இல்தான் அது அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. காதால் எண்ணிக் காப்பாற்றப்பட்ட ஒரு பறவையின் காட்டில், காலை 7 மணிக்குக் காபி மேக்கருக்காக ஒருவர் எஞ்சினைக் கிளப்புகிறார் என்றால் எனக்குக் கோபம் வருவது இயல்பு என்றே நினைக்கிறேன்.

எல்லா ஜெனரேட்டர்களும் ஒன்றல்ல என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஹோண்டாவின் இயூ2200ஐ போன்ற இன்வெர்ட்டர் வகை, தேவைக்கேற்ப எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கால் பங்குச் சுமையில் 7 மீட்டர் தூரத்தில் 48 டெசிபல், முழுச் சுமையில் 57 என்று அதன் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். இரண்டு இடம் தள்ளி அது ஓடினால் பேச்சுக்கு இடையில் மறந்துவிடலாம். கட்டுமான வேலைக்கென்று விற்கப்படும் திறந்த சட்டக வகை அப்படியல்ல: ஒரு விளக்கு எரிந்தாலும் ஏசி ஓடினாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்று என்ற ஒரே வேகத்தில் 70 டெசிபலை ஒட்டி அலறிக்கொண்டிருக்கும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும்; தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல்தான் குறையும். ஏரிக்கரை முகாம் என்றால் இந்தக் கணக்கும் உதவாது, ஏனென்றால் மாலையில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே வெப்பக் காற்று நிற்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து நீர்ப்பரப்புக்கே திரும்புகிறது. எதிர்க்கரையில் ஓடும் இயந்திரம் நம் மேசைக்கு அடியில் இருப்பதுபோல் கேட்பது இதனால்தான்.

விதி என்ன சொல்கிறது என்று ஒருமுறை கோபத்தில் தேடிப் படித்தேன். தேசியப் பூங்காக்களுக்கான கூட்டாட்சி விதியில் தெளிவான எண் இருக்கிறது: 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. யோசெமிட்டி போன்ற பூங்காக்களில் அதற்கும் மேலாக, ஜெனரேட்டர் ஓட்டுவதற்கென்று பகலில் குறிப்பிட்ட சில மணி நேரங்களை மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். தேசிய வனங்கள், அந்தப் பூங்காக்களைப் போல உள்துறையின் கீழ் வருவன அல்ல, 1905 முதல் வேளாண் துறையின் கீழ் இருப்பவை. அவற்றுக்கான விதியில் எண் கிடையாது, பிறருக்கு நியாயமற்ற முறையில் தொந்தரவு தரும் வகையிலும் நேரத்திலும் ஒலியெழுப்பும் கருவிகளை இயக்கக் கூடாது என்ற வாசகம் மட்டும் இருக்கிறது. எது நியாயம், எது நியாயமற்றது என்பதை மாலை 8 மணிக்கு யார் முடிவு செய்வது? ஒரு முகாமில் ஹோஸ்டாக, அதாவது முகாமைப் பார்த்துக்கொள்பவராக இருந்த பெரியவரிடம் முறையிடலாம் என்று போனேன். ஓய்வுபெற்ற பின் தன்னார்வலராக வந்து தங்கியிருந்த, மிக நல்ல மனிதர். நான் சொல்ல வந்தது அவர் காதில் சரியாக விழவில்லை, காரணம் அவருடைய டிரெய்லருக்குப் பின்னாலும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு கோடையில் பக்கத்தில் தங்கியிருந்த முதிய தம்பதியரில் கணவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருந்தது; முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சீபேப் கருவி இல்லாமல் அவரால் படுக்க முடியாது. பகலில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி பேட்டரியை ஏற்றிக்கொண்டு, மாலை 5 மணிக்குள் அணைத்துவிடுவார். அணைத்ததும் எங்களைப் பார்த்துக் கையசைப்பார். அவரைப் போன்றவர்களுக்கு இந்தக் காட்டில் என்னைவிடக் குறைந்த உரிமை இல்லை. அதே சமயம், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று, ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால், அந்தக் கருவியை மூன்று இரவுக்காவது தாங்கும் என்பதும் உண்மை. என்னைக் கொதிக்க வைப்பவர்கள், வெளியில் வெயில் 20 டிகிரியாக இருக்கும் இனிய மாலையில் உள்ளே ஏசி போட்டுக்கொண்டு பெரிய திரையில் பேஸ்பால் பார்ப்பவர்கள்தான். நியாயமாகப் பார்த்தால் அவர்களும் கட்டணம் செலுத்தித்தான் வந்திருக்கிறார்கள் என்று எழுத முயன்றேன், கை வரவில்லை.

சரி, இத்தனைக்கும் நடுவில் ஏன் போகிறேன் என்றால், பெரிய அளவுக்கு அந்த அடிபம்புக்காக. முதன்முதலில் அதை அடிப்பவர்கள் பழுதாகிவிட்டது என்று விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். நீண்ட இரும்புக் கைப்பிடியை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கும் வரை உலர்ந்த கிறீச்சொலியைத் தவிர எதுவும் வராது. நம் ஊர் பம்புக்கு இல்லாத ஒரு கவலை இதற்கு உண்டு: குளிர்காலத்தில் இங்கே தரை மூன்றரை, நான்கு அடி ஆழம் வரை உறைந்துவிடும். குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடிக்கும் என்பதால், உறையும் மட்டத்துக்குக் கீழே குழாயில் ஒரு சிறு துளை இட்டிருக்கிறார்கள். அடிப்பதை நிறுத்தியதும் மேலே நிற்கும் தண்ணீர் அந்தத் துளை வழியாக மண்ணுக்குள் வடிந்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் வெறுங்குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏழாவது, எட்டாவது அடியில் கைப்பிடி திடீரென்று கனக்கும். அந்தக் கனம் தெரிந்ததும் பாத்திரம் பிடித்திருப்பவருக்குக் குரல் கொடுத்துவிடலாம், அடுத்த அடியில் தண்ணீர் கொட்டும். ஒருவர் அடிக்க ஒருவர் பிடிக்க வேண்டியிருப்பதால், பேச்சு வார்த்தை இல்லாத பதின்வயதுப் பிள்ளைகளும் குழாயடிக்கு வந்தே ஆக வேண்டியிருக்கிறது.

தண்ணீர் பல் கூசும் குளிர்ச்சி. சில முகாம்களில் இரும்புச் சத்து அதிகம். பம்பின் அடியிலுள்ள சிமென்ட்டுத் தளம் காவி படிந்திருக்கும். அந்தத் தண்ணீரில் டீ போட்டால், தேயிலையின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து மை போலக் கருத்துவிடும், பால் ஊற்றினாலும் சாம்பல் நிறம்தான். என் மனைவி இதற்காகவே வீட்டிலிருந்து ஒரு கேன் தண்ணீர் எடுத்து வருகிறார். நான் கருத்த டீயையே குடிக்கிறேன், வாய்க்குப் பழகிவிட்டது.

கழிப்பறையைப் பற்றி எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பதால் சொல்கிறேன்: நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. 1980களின் இறுதியிலிருந்து வனத்துறைப் பொறியாளர்கள் சீர்செய்து வந்த வடிவமைப்பில், கூரைக்கு மேல் நீளும் அகன்ற கறுப்புக் குழாய் வெயிலில் சூடாகி, உள்ளிருக்கும் காற்றை மேலே இழுக்கிறது. அறையின் காற்று தொட்டிக்குள் இறங்கிக் குழாய் வழியாக வெளியேறுவதால் நாற்றம் அறைக்குள் ஏறுவதில்லை. மேகமூட்டமான, காற்றே வீசாத நாளில் மட்டும் பௌதிகம் கைவிட்டுவிடும். கை கழுவவும் மற்றதற்கும் தண்ணீர் நாமேதான் கொண்டுபோக வேண்டும். விறகு விஷயம் எளிது: ஆஷ் மரங்களைக் கொன்று விறகோடு பரவும் எமரால்டு ஆஷ் போரர் என்னும் வண்டு, வட அமெரிக்காவில் 2002இல் டெட்ராய்ட் பக்கத்தில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது, ஆகவே வீட்டுத் தோட்டத்து விறகைக் காரில் ஏற்றி வராதீர்கள், முகாமுக்கு அருகில் வாங்குங்கள், ஈரமாக இருந்தால் சகித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாராட்டிய பிறகும், கைக்குழந்தையோடு ஜூலை மாதம் முதன்முறையாக முகாமுக்குப் போகவிருக்கும் நண்பர் சென்ற வாரம் யோசனை கேட்டபோது, மாநிலப் பூங்காவில் மின் இணைப்புள்ள இடத்தையே பதிவு செய்யுங்கள், நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். அவருக்குப் பெரிய ஏமாற்றம். எனக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வார இறுதியைத்தான் இரண்டு ஜெனரேட்டர்களுக்கு நடுவில் கழித்துவிட்டு வந்திருந்தேன், என் நாவில் வேறு பதில் வந்திருக்காது.

அதையும் மீறிப் போக விரும்புபவர்கள், முடிந்தால் லேபர் டேக்கு (செப்டம்பர் முதல் திங்கள்) பிந்தைய வாரநாட்களில் போங்கள். முன்பதிவு இல்லாத முகாம்களில் அப்போது நல்ல இடம் கிடைக்கும், உறையில் பணத்தை வைத்துக் கட்டணத்துக்கான இரும்புக் குழாய்க்குள் போட்டுவிட்டு, கிழித்த துண்டை இடத்தின் கம்பத்தில் செருகினால் போதும். கோடையில்தான் முடியும் என்றால், முன்பதிவு செய்யும் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு நீள வாகனம் நிற்கலாம் என்று குறித்திருப்பதைப் பாருங்கள். 20 அடிக்கும் குறைவான இடங்கள் பெரிய டிரெய்லர்களுக்கு உதவாதவை, அவை ஒன்றாகச் சேர்ந்திருக்கும் பாதை வளைவுதான் உங்களுக்கு வேண்டியது. உங்கள் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்: எதிரிலுள்ள இடத்துக்கு 45 அடி என்று போட்டிருந்தால், அங்கே யார் வந்து நிற்பார் என்பது இப்போதே தெரிந்த கதை.