நாயின் மூட்டுவலிக்கு எது கைகொடுக்கும்? மீன் எண்ணெய், குளுக்கோசமைன், மஞ்சள், கொலாஜன்: ஓர் ஒப்பீடு

படுத்த இடத்திலிருந்து ஜூலி எழுந்து நிற்க 9 விநாடி. முன்கால் இரண்டையும் ஊன்றுவாள். பின்பக்கம் அதோடு சேர்ந்து வராது. நகம் தரையில் சறுக்கும், மறுபடி உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் ஒரே உந்தாக உந்தி எழுவாள். எழுந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு வருடத்துக்கு முன் எடுத்த வீடியோ அது. அப்போது அவளுக்கு 11 வயது, எடை 32 கிலோ, லாப்ரடார், இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம்.

வீடியோ எடுத்து வைக்கச் சொன்னது அவளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். "எந்த டப்பாவை வாங்கினாலும் பத்து நாளில் உங்களுக்கு நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும்" என்றார். அது உண்மைதான். மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் நாய்களுக்கு மருந்துச் சத்தே இல்லாத வெறும் போலி மருந்து கொடுத்த ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. கால் தரையில் ஊன்றும் விசையைக் கருவி அளந்தது. அதில் மாற்றம் இல்லாதபோதும், பாதிக்கும் மேற்பட்ட தடவை வளர்ப்பவர்கள் நாய் தேறியிருப்பதாகவே சொன்னார்கள். மருத்துவர்களும் ஏமாந்தார்கள், கொஞ்சம் குறைவாக. நாயின் மேல் பாசம் இருக்கும் கண் அப்படித்தான் பார்க்கும். மாதம் ஒருமுறை, அதே தரை, அதே நேரம், ஒரு வீடியோ. கீழே நான் சொல்வதில் ஜூலியைப் பற்றிய பகுதிக்கு அதுதான் சாட்சி.

கடையில் இருக்கும் பொருட்கள் எல்லாவற்றையும் இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். ஒன்று, தேய்ந்த குருத்தெலும்பைக் கட்டித் தருகிறேன் என்பது. இன்னொன்று, மூட்டுக்குள் இருக்கும் அழற்சியைத் தணிக்கிறேன் என்பது. முதல் கட்சியின் பேச்சு கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. வலி வருவது மூட்டைச் சுற்றிய சவ்விலிருந்தும் குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எது ஜெயிக்கும் என்பது பாதி புரிந்துவிடும்.

முதல் கட்சியின் தலைவர் குளுக்கோசமைன், கூடவே காண்ட்ராய்டின். குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. நாய்களுக்கான 'மூட்டு மாத்திரை' என்று எதை எடுத்தாலும் லேபிளில் முதல் பெயர் இதுவாகத்தான் இருக்கும். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2007-ல் வந்த ஒன்று, 70 நாள் கொடுத்தபின் வலி குறைந்ததாகச் சொன்னது. வேறு ஆய்வில் ஒரு மாற்றமும் இல்லை. நாய், பூனைகளுக்கான இணை உணவுகள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்ட ஒரு தொகுப்பு 2022-ல் வெளியானது. வலிக்கு இந்த இரண்டும் பயன்படவில்லை, இனி எழுதிக்கொடுக்க வேண்டாம் என்கிற அளவுக்கு அது வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஜூலிக்கு மூன்று மாதம் விடாமல் கொடுத்தேன். வீடியோவில் 9 விநாடி 9 விநாடியாகவே இருந்தது. கெடுதல் எதுவும் இல்லை, வயிறு கூடக் கெடவில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் அவள் வலியோடு இருந்த மாதங்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனது கஷ்டப்படுகிறது.

அடுத்த கட்சியில் மீன் எண்ணெய். இதில் இருக்கும் ஈபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள் உயிரணுக்களின் சவ்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அழற்சியைக் கிளப்பும் பொருட்களுக்கு மூலப்பொருளான அரக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைப் பிடிக்கின்றன. அங்கே உட்கார நாள் ஆகும் என்பதால் 6 முதல் 12 வாரம் காத்திருக்க வேண்டும். அதே 2022 தொகுப்பில் தெளிவான பலன் காட்டியது ஒமேகா-3தான். 2010-ல் வந்த ஆய்வு ஒன்றில், மீன் எண்ணெய் ஒமேகா-3 நிறைந்த உணவு சாப்பிட்ட நாய்களுக்கு கார்ப்ரோஃபென் என்ற வலிமருந்தின் அளவை மற்ற நாய்களைவிட வேகமாகக் குறைக்க முடிந்தது. எனக்கு இந்தச் செய்திதான் முக்கியமாகப் பட்டது. மருந்தை விரட்ட முடியாவிட்டாலும், அதன் அளவைக் குறைக்க முடிந்தால் வயதான சிறுநீரகத்துக்கு அது பெரிய உதவி.

ஆனால் மீன் எண்ணெயில் எல்லோரும் சறுக்கும் இடம் அளவு. டப்பாவின் முன்பக்கம் '1000 மி.கி.' என்று இருக்கும். அது எண்ணெயின் எடை. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: சாதாரண காப்ஸ்யூலில் ஈபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக மொத்தம் 300 மி.கி.தான். மூட்டுவலிக்கு மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, இரண்டும் சேர்த்துச் சுமார் 100 மி.கி. அப்படியானால் 20 கிலோ நாய்க்கு அந்தச் சாதாரண காப்ஸ்யூல் 6 அல்லது 7 வேண்டும். ஒன்றே ஒன்று போட்டுவிட்டு 'கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்றால் எண்ணெய் மேல் பழி போடுவது நியாயமில்லை. செறிவு கூடிய எண்ணெயை எடுத்தால் எண்ணிக்கை குறையும்.

கால் பங்கில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் பேதிதான். 7 காப்ஸ்யூல் என்றால் 60 கலோரிக்கு மேல்; அதைச் சாப்பாட்டில் குறைத்தே ஆகவேண்டும். கணைய அழற்சி வந்த நாய்க்கும், அறுவை சிகிச்சை நெருங்கும் நாய்க்கும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். காட் லிவர் ஆயில் இதற்குப் பதில் ஆகாது: இந்த அளவுக்கு ஈடுகட்டும்படி கொடுத்தால் வைட்டமின் ஏ, டி மிதமிஞ்சிப் போகும். ஆளிவிதை எண்ணெயும் ஈடாகாது; அதில் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை, நாயின் உடல் அதை ஈபிஏவாக மாற்றுவது மிகக் குறைவு. காப்ஸ்யூலைக் குத்தி முகர்ந்து பாருங்கள். காறல் வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மஞ்சள் விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சளைக் குறைத்துப் பேச எனக்கு மனமே வராது. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. மஞ்சள்தூளில், அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லப்படும் குர்குமின் சுமார் 3 சதவீதம். அரை டீஸ்பூன் கலந்தால் நாய்க்குக் கிடைப்பது 50 மி.கி.க்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி குடலைத் தாண்டாது. உறிஞ்சட்டும் என்று மிளகும் எண்ணெயும் சேர்த்துக் களிம்பு மாதிரி கிண்டுகிறார்கள். அந்த மிளகின் பைப்பரின், நாய் சாப்பிடும் மற்ற மருந்துகள் கல்லீரலில் கழியும் வேகத்தையும் மாற்றிவிடலாம். மஞ்சள் வகைச் சாறு ஒன்றை நாய்களில் சோதித்த 2003 ஆய்வில், பரிசோதித்தவர்களின் கண்ணுக்கு நாய்கள் தேறின. கால் ஊன்றும் விசையை அளந்த தட்டில் வித்தியாசம் இல்லை. சாப்பாட்டில் ஒரு சிட்டிகை போட்டால் குற்றமில்லை. அதை நம்பி வலிமருந்தை நிறுத்துவதுதான் தவறு. பித்தப்பைக் கோளாறு உள்ள நாய்க்கு அதுவும் வேண்டாம்.

மஞ்சளோடு போட்டியிடுவது பாஸ்வெல்லியா என்ற மரப்பிசின். 2004-ல் 29 நாய்களுக்குக் கொடுத்ததில் பத்தில் ஏழு நாய் ஆறு வாரத்தில் தேறியதாக வந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழு இல்லாத ஆய்வு அது. வளர்ப்பவர்களின் கண் எப்படி என்று மேலே சொன்னேனே, அதை இங்கேயும் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் பாஸ்வெல்லியாவைத்தான் எடுப்பேன், மீன் எண்ணெய்க்குப் பிறகு.

கொலாஜனில் பெரிய குழப்பம் உண்டு. இயல்பு சிதையாத இரண்டாம் வகைக் கொலாஜன், யூசி-2 என்று விற்பது, கோழியின் நெஞ்செலும்புக் குருத்தெலும்பிலிருந்து வருவது. நாளுக்கு 40 மி.கி.தான். இவ்வளவு சிறிய அளவு மூட்டைக் கட்டப் போவதில்லை, கட்டுவதாகச் சொல்வதும் இல்லை. குடலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி அணுக்களுக்கு 'இது நம் ஆள், தாக்காதே' என்று பழக்கிக் கொடுப்பதாகத்தான் கருதுகிறார்கள். சிறிய ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. கிராம் கணக்கில் கொடுக்கும் கொலாஜன் பொடி வேறு பொருள். எலும்பு சூப்பும் வேறு. கொதித்த கொலாஜனின் வடிவம் சிதைந்துவிடும், அதனால் யூசி-2-ஐச் சூடான சாப்பாட்டில் கலக்கவும் கூடாது. சூப் கொடுப்பதானால் அதில் வெங்காயம், பூண்டு இருக்கவே கூடாது. இரண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

நியூசிலாந்தின் பச்சை உதட்டுச் சிப்பி, ஒமேகா-3-ம் கொஞ்சம் குருத்தெலும்புப் பொருளும் சேர்ந்த கலவை. கார்ப்ரோஃபெனோடு வைத்துப் பார்த்த ஆய்வில் அதற்குக் கீழே, போலி மருந்துக்கு மேலே நின்றது. மீன் எண்ணெய் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத நாய்க்கு இதை முயலலாம்.

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய்க்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வு நல்ல பலன் காட்டியது: கிலோவுக்கு 2 மி.கி., நாளுக்கு இருமுறை. கூடவே கல்லீரல் நொதி ஒன்று சில நாய்களுக்கு ஏறியது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதே செடியில் போதை தரும் பொருளான டிஎச்சி கலந்திருந்தால் நாய்க்கு அது விஷம்.

'இயற்கை' என்ற சொல்லைப் பார்த்துத் தயவுசெய்து வில்லோ பட்டையை மட்டும் வாங்காதீர்கள். அது ஆஸ்பிரின் குடும்பம். வலிமாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும். நாம் போடும் இபுப்ரோஃபென், பாரசிட்டமால் இரண்டும் நாயைக் கொல்லக்கூடியவை, அரை மாத்திரை என்று கூடக் கை வைக்காதீர்கள். திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாலோ, காய்ச்சலோடு பல மூட்டு வலித்தாலோ, அது தேய்மானமாக இருக்காது; தசைநார் அறுந்திருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், எலும்பில் கட்டியாகக் கூட இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

இந்தப் பட்டியல் முழுவதையும் தோற்கடிக்கும் போட்டியாளர் ஒன்று உண்டு: சாப்பாட்டுத் தட்டு. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பாடு போட்டு ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். 2002-ல் வந்த முடிவு: அளவோடு சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஏற்கெனவே நொண்டும் குண்டு நாய்களிலும், எடை 6 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்ததுமே நடை மாறியது. ஜூலிக்கு அது வெறும் 2 கிலோ. நாங்கள் ஐந்து மாதத்தில் 3 கிலோ குறைத்தோம். விலா எலும்பு பார்வைக்குத் தெரியாமல், தடவினால் விரலுக்குத் தட்டுப்படும் அளவுதான் கணக்கு.

இப்போது அவளுக்கு மருத்துவர் சொன்ன வலிமருந்து ஆரம்பித்ததில் பாதி அளவு. மீன் எண்ணெய் தினமும். குளுக்கோசமைன் நின்றுவிட்டது. வீடியோவில் 5 விநாடி. அதில் எடைக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்வேன். படுக்கையிலிருந்து வாசல் வரை சறுக்காத ரப்பர் பாய் விரித்து, நகத்தை ஒட்ட வெட்டிவிட்ட அன்று, வேறு எதையும் மாற்றவில்லை. அன்று மாலை அவள் நடுவில் எங்கும் நிற்காமல் வாசலுக்கு வந்தாள்.