இரண்டு தூக்கத்திலிருந்து ஒன்றுக்கு: நாகர்கோவிலில் ஒரு நல்ல குழந்தைகள் காப்பகம்

தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை 1 முதல் ஓராண்டாக உயர்த்தியதிலிருந்து, என்னைப் போல் நாகர்கோவிலில் பணிக்குத் திரும்பும் தாய்மார்கள் பலர் ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தையோடுதான் காப்பகம் தேடுகிறார்கள். அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் தூங்கும். ஒரே தூக்கத்துக்கு மாறுவது பொதுவாக 15 முதல் 18 மாதங்களுக்குள் நடக்கும். ஆனால் நாங்கள் முதலில் விசாரித்த ஓரிடத்தில், காலை பத்து மணிக்கு எந்தப் பிள்ளையையும் தூங்க விடுவதில்லை, இரண்டு நாளில் பழகிவிடும் என்றார்கள். இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டதற்காகவே, எங்கள் மகளைச் சேர்த்திருக்கும் சிறிய காப்பகத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

சேர்க்கும் அன்றே அவள் எத்தனை மணிக்கு எழுவாள், எப்போது கண்ணைக் கசக்குவாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். காலையில் தூங்கும் சின்னப் பிள்ளைகளுக்கென்று பின்கட்டில் தனி அறை இருக்கிறது. பிள்ளை தூங்கிய நேரமும் விழித்த நேரமும் எழுதப்பட்ட ஒரு நோட்டு தினமும் மாலையில் வீட்டுக்கு வந்துவிடும். சில மாதங்கள் கழித்து, காலையில் படுக்க வைத்தால் விளையாடிக்கொண்டே கிடப்பதும், காலையில் தூங்கிவிட்டால் பிற்பகலில் அடியோடு மறுப்பதும் தொடர்ந்தபோது, ஓரிரு நாளை வைத்து முடிவெடுக்காமல் இரண்டு வாரம் பார்த்த பின்புதான் மாற்றத்தைத் தொடங்கலாம் என்று எங்களிடம் சொன்னார்கள்.

மாற்றிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. காலைத் தூக்கத்தை ஒரேயடியாக நிறுத்தாமல், சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளித் தள்ளிப் பன்னிரண்டரைக்குக் கொண்டுவந்தார்கள். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. சிறு குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிட விரைவாக நடப்பதால், திடீரென்று ஐந்து மணி நேரம் விழித்திருக்கச் சொன்னால் பிள்ளை அளவுக்கு மீறிக் களைத்து, பிற்பாடு தூங்கவும் முடியாமல் அழும். பத்தரை மணி வாக்கில் அவள் சோர்ந்தால் முற்றத்து வெளிச்சத்துக்குத் தூக்கிச் சென்று தண்ணீரில் விளையாட விட்டார்கள். பசியோடு தூங்கிவிடாதபடி மதியச் சோற்றைப் பதினொன்றரைக்கே ஊட்டினார்கள். 16 முதல் 24 மாதங்களுக்குள் போடவேண்டிய தடுப்பூசிகள் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. ஊசி போட்டுக் காய்ச்சலடித்த நாட்களில் தயங்காமல் பழையபடி இரண்டு தூக்கத்துக்கு விட்டார்கள். இந்தப் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

வீட்டிலும் எங்களுக்கு ஒரு வேலை தந்தார்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு மொத்தம் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பகலில் குறைவதை இரவில் ஈடுசெய்ய, ஒரு மாத அளவுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் படுக்கவைக்கச் சொன்னார்கள். தாத்தாவும் பாட்டியும் பேத்தியைக் கொஞ்சும் நேரமும் அதுதான் என்பதால் இதற்கு அவர்களின் ஒத்துழைப்பும் தேவைப்பட்டது.

குறைகளும் உண்டு. மூன்று மணிக்குள் எழுப்பிவிடுங்கள் என்று பலமுறை சொல்லியும், ஆட்கள் குறைவான நாட்களில் நான்கு மணி வரை தூங்க விட்டுவிடுகிறார்கள். அன்றிரவு ஒன்பதரை ஆனாலும் அவள் கண் மூடுவதில்லை. பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் தூங்கும் அறையில் விசிறி ஓடாது, அங்கே இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை. பகலில் ஒரே தூக்கமாகிவிட்ட குழந்தைக்கு அது புழுக்கத்தில் அரை மணியில் கலைந்தால் மறுபடி தூங்க வாய்ப்பே இல்லை. கட்டணத்தைச் சற்றுக் கூட்டியாவது இதை அவர்கள் சரிசெய்ய வேண்டும். நாங்கள் சில பெற்றோர்கள் சேர்ந்து கேட்டிருக்கிறோம்.

தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து வருகிறவர்கள் சேர்க்கும் முன் தூரத்தையும் யோசிக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டியில் போகும்போது பிள்ளை கண்ணயர்ந்துவிட்டால் இரவுத் தூக்கம் தள்ளிப்போய்விடும். வழியில் தின்ன ஒரு மட்டி வாழைப்பழம் கொடுத்து, பேசிக்கொண்டே வரும்படி அங்குள்ள அக்கா சொன்னது, வீடு அருகில் இருக்கும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை.