பாராங் செய்ய எந்த பெல்ட் கிரைண்டர்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பாராங் (பெரிய வெட்டுக்கத்தி) போன்ற கத்தி வேலையில் இறங்குபவர்கள் கண்ணில் முதலில் படுவது, சுற்றும் உப்புத்தாள் பெல்ட்டால் இரும்பைத் தேய்க்கும் 1×30 (அங்குலம்) கிரைண்டர்தான். பெல்ட்டின் அகலம் 25 மில்லிமீட்டர், நீளம் 762. சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும், மேசை ஓரத்தில் அடங்கிவிடும். இன்னொன்று 2×72, அதாவது 50க்கு 1,830 மில்லிமீட்டர். மோட்டார், அதன் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரோடு சேர்த்தால் சில ஆயிரம் வெள்ளி ஆகும்.

லோரி ஸ்பிரிங் பட்டையில் பாராங் செய்யப் போகிறீர்கள் என்றால் சின்னதை வாங்காதீர்கள். கொஞ்சம் அழுத்தினாலே அதன் மோட்டார் திணறும். பெல்ட்டின் பரப்பையும் பாருங்கள்: ஒன்று 30 சதுர அங்குலம், மற்றது 144. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு உப்புத்தாள் மாறி மாறி இரும்பைத் தொடுகிறது. அதனால் பெல்ட் சூடும் குறைவு, தேய்வும் குறைவு. இரும்பை வேகமாகத் தின்னும் செராமிக் பெல்ட்டும் 2×72 அளவில்தான் தாராளமாகக் கிடைக்கிறது. மெஷினை ஒரு தடவை வாங்குகிறோம், பெல்ட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறோம். கணக்கை அங்கிருந்து போட வேண்டும்.

அப்புறம் வேகம். நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றும் மோட்டாரில் 100 மில்லிமீட்டர் சக்கரம் நேராக மாட்டினால் பெல்ட் விநாடிக்கு 15 மீட்டர் ஓடும். பட்டையைக் குறைக்க அது அருமை. பதம் ஏற்றிய (சூடாக்கிக் கடினமாக்கிய) பிறகு அதே வேகத்தில் வாயைத் தீட்டினால், மெல்லிய ஓரம் நொடியில் நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். இதனால்தான் இன்வெர்ட்டருக்குச் செலவழிக்கச் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் மின்சாரத்திலேயே த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டி, வேகத்தை வேண்டியபடி குறைத்துத் தரும். இரும்புத்தூள் புகாதபடி மூடிய வகையாகப் பாருங்கள். 2 குதிரைத்திறன் மோட்டார் போதும், அதற்குத் தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மெஷின்களின் விளம்பர வேகத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது அங்குள்ள 60 ஹெர்ட்ஸுக்குச் சொல்வது. இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். வோல்ட்டேஜ் பொருந்துமா என்பது தனிக் கவலை.

முழு மெஷினும் கட்டுப்படி ஆகாதவர்கள் மெஷினின் இரும்புச் சட்டத்தை மட்டும் பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கலாம். சக்கரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மையம் கொஞ்சம் பிசகினாலும் பெல்ட் துள்ளும், கத்தியின் முகம் அலை அலையாக வரும்.

சின்னது ஜெயிக்கும் இடமும் உண்டு. செம்பனைக் குலை வெட்டும் அரிவாளுக்கு வாய் உள்வளைவில் இருக்கிறது. 1×30இல் பெல்ட்டைப் பின்னாலிருந்து தாங்கும் தகட்டைக் கழற்றிவிட்டால், தளர்ந்த குறுகிய பெல்ட் அந்த வளைவுக்குள் அழகாகப் படியும். 2×72இல் அதே வேலைக்குச் சின்னச் சக்கரம் தனியாக வாங்கணும். தோட்டத்து ஆட்களுக்கு அரிவாள் தீட்டிக் கொடுப்பது மட்டுமே தொழில் என்றால் 1×30 தாராளமாகப் போதும், பெரியதற்குக் கடன் வாங்க வேண்டாம்.