பி.எஸ்சி. இயற்பியல்: குலசேகரத்திலிருந்து எட்டும் கல்லூரிகள் பற்றி ஒரு மதிப்பீடு

குமரி மாவட்டத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்க நினைக்கும் பிள்ளைக்குக் கல்லூரிப் பஞ்சம் கிடையாது. எந்தக் கல்லூரி என்று முடிவெடுக்கும்போதுதான் வீடு இரண்டுபடுகிறது. என் தங்கை மகள் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவள். அவளுக்காக நாங்கள் விசாரித்தும் நேரில் சென்றும் பார்த்த இடங்களைப் பற்றிய மதிப்பீடு இது. வீடு குலசேகரத்துக்கு அருகில் இருக்கிறது. வருமானம் ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கும், நாகர்கோவிலிலேயே குடியிருப்பவருக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதால் இவ்விரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசிவரை பட்டியலில் நின்றவை நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரி ஆகிய மூன்றும், வெளி மாவட்டத்தில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றும். இந்த நான்காவதின் பெயரை நான் எழுதப்போவதில்லை.

செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரியையும் கல்லூரியையும் ஒப்பிடுகிறார்கள். உண்மையில் பெரிய வேறுபாடு ஒரே வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அரசு உதவிபெறும் கல்லூரிகள் பலவற்றில் உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் அருகருகே நடக்கின்றன. வாசலில் பெயர்ப்பலகை ஒன்றுதான், ஆனால் கட்டணம் ஒன்றல்ல. உதவிபெறும் பிரிவின் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது; சுயநிதிப் பிரிவின் ஆசிரியருக்கு மாணவர் கட்டணத்திலிருந்து சம்பளம் போக வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியல் போன்ற பழைய துறைகள் பெரும்பாலும் உதவிபெறும் பிரிவிலும், பின்னாளில் தொடங்கிய கணினி சார்ந்த படிப்புகள் பெரும்பாலும் சுயநிதியிலும் இருப்பதால், அடிப்படை அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு ஒரு வகையில் கொடுப்பினையே. சேர்க்கை அலுவலகத்தில் ‘இந்த இடம் எந்தப் பிரிவில்?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் பார்த்த பிறகே விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும்.

ரப்பர் வீடுகளுக்குக் கட்டணத்தின் அளவைப் போலவே அது கேட்கப்படும் மாதமும் முக்கியம். கல்லூரி திறக்கும் நேரமும் தென்மேற்குப் பருவமழை இறங்கும் நேரமும் ஒன்று. மரத்தில் வெட்டுப் பட்டைக்கு மேல் மழை மறைப்பு கட்டாத தோட்டத்தில் அப்போது பால்வெட்டு நின்றுவிடும். அதற்கு முன்னே இலையுதிர் காலத்திலும் பால் குறைந்திருக்கும். ஆகவே ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கும் கல்லூரியையும் பருவத்துக்கு ஒருமுறை பிரித்து வாங்கும் கல்லூரியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தகவல் கையேடுகளில் இது கண்ணில் படுவதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள்.

ஸ்காட் கல்லூரியின் வேர் 1809-இல் தொடங்கிய நாகர்கோவில் செமினரி வரை போகிறது. கல்லூரியாக உயர்ந்தது 1893-இல். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் அதுவே வகுத்துக்கொள்கிறது. பட்டம் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது. பழம்பெருமை எனக்கு ஒரு பொருட்டல்ல. பாடத்திட்டத்தை, ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வின் இயற்பியல் பாடத்திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பயனுள்ள சோதனை. கணித முறைகள், இயந்திரவியல், அலைகளும் ஒளியியலும், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல், திடப்பொருள் இயற்பியலும் மின்னணுவியலும் என்று விரியும் அந்தப் பட்டியலில் எந்தெந்தப் பகுதி எந்தப் பருவத்தில் வருகிறது என்று பார்த்தாலே போதும். தேர்வு பிப்ரவரியில் நடப்பதால், கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவைக்கப்பட்ட பாடத்தைப் பிள்ளை தானாகவே படித்தாக வேண்டியிருக்கும்.

ஆய்வகத்தைப் பார்க்காமல் எந்த இயற்பியல் துறையையும் மதிப்பிடக் கூடாது. நாங்கள் கேட்ட கேள்விகள் எளியவை: ஒரு நிறமாலைமானிக்கு எத்தனை மாணவர்? நியூட்டன் வளையச் சோதனையை ஒவ்வொருவரும் தனியாகச் செய்கிறார்களா, குழுவில் ஒருவர் செய்ய மற்றவர்கள் அளவீட்டை எழுதிக்கொள்கிறார்களா? துறையில் முதுகலை வகுப்பு நடக்கிறதா? முதுகலை இருக்கும் துறையில் கருவிகளும் நூல்களும் கூடுதலாக இருக்கும். மூத்த மாணவர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்கவும் முடியும். ஸ்காட், நேசமணி இரண்டிலும் முதுகலை உண்டு. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் தரமும், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் ஓரளவுக்குத்தான் உதவும். இரண்டும் கல்லூரி முழுவதையும் அளக்கின்றன. ஒரு துறையின் ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறதா என்று அவை நமக்குச் சொல்வதில்லை.

1964-இல் தொடங்கிய மார்த்தாண்டம் கல்லூரியின் பெரிய பலம் எங்களைப் பொறுத்தவரை தொலைவு. குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தக்கலையிலும் சுங்கான்கடையிலும் நெரிசல் இருந்தால் இன்னும் நீளும். மார்த்தாண்டம் அதில் பாதிகூட இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு நாள்தோறும் மிச்சமாகும் நேரத்தைக் கணக்கிட்டால் அது ஒரு பாடத்தைத் தனியாகப் படித்து முடிக்கும் அளவுக்கு வரும். விடுதிச் செலவும் இல்லை.

திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரி 1866-இல் தொடங்கியது. மகாராஜா கல்லூரி என்ற பழைய பெயரில் அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் ‘மனோன்மணீயம்’ நாடகம் எழுதிய சுந்தரம் பிள்ளை. அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருப்பது மலைக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலியில் என்பது எல்லையோரத்துக்காரர்களுக்கு ஆச்சரியமாகத் தோன்றாது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் மிகக் குறைவு. நகரில் நூலகங்களும் அறிவியல் சொற்பொழிவுகளும் தாராளம். ஆனால் இரண்டு செய்திகளை நன்றாக யோசிக்க வேண்டும். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு இளநிலைப் படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு முடிவில் சாதாரணப் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ் பட்டம் கிடைக்கும். தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் படிப்பே தொடர்கிறது. பிறகு இங்கே இரண்டாண்டு எம்.எஸ்சி. படிக்க நினைப்பவருக்கு அந்த நான்காம் ஆண்டு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. மற்றொன்று, நம் வகுப்புச் சான்றிதழ் அங்கே இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பொதுப் போட்டியில்தான் இடம் பெற வேண்டும். மலையாளம் எங்கள் வீட்டில் அனைவருக்கும் புரியும், ஆகவே மொழி தடையாக இல்லை. தினசரிப் பயணம்தான் தடை: குழித்துறையில் ரயில் ஏறினாலும், வெள்ளறடை வழியாகப் பேருந்தில் போனாலும், ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். விடுதியில் சேர்த்தால் குறைந்த கட்டணத்தின் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

பெயர் சொல்லாத அந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் முகவர் வீட்டுக்கே வந்தார். வளாகம் அழகு, பேச்சு இனிமை, கட்டண உதவித்தொகை என்று ஒரு கடிதமும் கையில் இருந்தது. அந்த உதவித்தொகை முதல் ஆண்டுக்கு மட்டும் என்பதும், விடுதியில் தங்குவது கட்டாயம் என்பதும் மூன்றாவது பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தன. அசல் மதிப்பெண் சான்றிதழை முன்பணத்தோடு ஒப்படைக்கச் சொன்னபோது பேச்சை முடித்துக்கொண்டோம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. கல்விக்கடன் வாங்கித் தருவதாகவும் சொன்னார். ஏழரை லட்சம் ரூபாய் வரை பிணை இல்லாமல் கடன் கிடைக்கும், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பதெல்லாம் உண்மைதான். அந்தக் காலம் முழுவதும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதும் உண்மை. பி.எஸ்சி. முடித்தவுடன் சம்பளத்துக்குப் போகாமல் மேற்படிப்புக்குப் போகப்போகும் பிள்ளையின் தலையில் முதல் பட்டத்துக்கே கடனை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் உறவினர் யாராவது கே.சிவனின் பெயரை எடுப்பார்கள். மேலச்சரக்கல்விளையில் பிறந்து, நாகர்கோவில் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் கணிதம் படித்து, 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் அவர். உள்ளூர்க் கல்லூரியே போதும் என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர் அதன் பிறகு சென்னை எம்.ஐ.டி.யிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் படித்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. என் கணக்குக்கு அந்த இரண்டாம் பாதிதான் வலு சேர்க்கிறது: முதல் பட்டத்தை வீட்டருகே, உதவிபெறும் பிரிவில், குறைந்த செலவில் முடித்துவிட்டு, கையில் இருக்கும் பணத்தையும் துணிச்சலையும் எம்.எஸ்சி.க்கு வைத்துக்கொள்ளலாம். ஜாம் மூலம் ஐ.ஐ.டி.களும், கியூட் முதுகலைத் தேர்வு மூலம் புதுச்சேரி, திருவாரூர் போன்ற இடங்களின் மத்தியப் பல்கலைக்கழகங்களும் அப்போது திறக்கும்.

ஆகவே எங்கள் தேர்வு மார்த்தாண்டம். நாகர்கோவிலிலோ இரணியல் பக்கத்திலோ வீடு இருந்திருந்தால் ஸ்காட்டைத் தேர்ந்தெடுத்திருப்பேன். பெண்கள் கல்லூரிதான் வேண்டும் என்றால் 1965-இல் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரியையும் சேர்த்துப் பார்த்திருப்பேன்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கக் கூடிய இடம் ஒன்று உண்டு: விதுராவில் உள்ள திருவனந்தபுரம் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்). ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு என்பதால் எம்.எஸ்சி. இடத்துக்காகத் தனியாக அலைய வேண்டியதில்லை. ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் கேள்விகள் வரும் என்பதால் கணிதம்–உயிரியல் பிரிவு மாணவர்களுக்கு அது வசதியானது. விண்ணப்பத்தைப் பிளஸ் டூ முடிவு வரும்வரை தள்ளிப்போட முடியாது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும்போதே அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.