ராத்திரிக்கு 12,000 ரூபாய், குளிக்க உப்புத் தண்ணி

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு விடுதி. மன்னார் வளைகுடாவைப் பார்த்த மாடி அறை, தேக்குக் கட்டில், ஏசி, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கு ஒரு ராத்திரி 12,000 ரூபாய். அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதனால் அதைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. விஷயம் குளியலறையில்தான்.

கூரையில் பதித்த ஷவர், சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிசு. திறந்தால் பாதித் தண்ணீர் தலையில் விழும், மீதி சுவரைப் பார்த்துப் பீய்ச்சும். ரப்பர் முனைகள் வெள்ளையாக அடைத்துக் கிடக்கின்றன. ஓரத்து எஃகில் தேயிலைக் கறை மாதிரி புள்ளி புள்ளியாகத் துரு. தண்ணீர் உதட்டில் பட்டதுமே கரிக்கிறது. சோப்பு நுரைக்காமல் திரிந்த பாலாகத் தோலில் ஒட்டுகிறது. அங்கே வைத்திருந்ததோ கையால் செய்த ஆட்டுப்பால் சோப்பு, பனையோலைப் பெட்டியில். சுண்ணாம்பும் மக்னீசியமும் ஏறிய தண்ணீரில் கட்டிச் சோப்பு திரியத்தான் செய்யும். பாட்டிலில் வரும் பாடி வாஷ் ஓரளவு நுரைக்கும். சீயக்காய்க்கு இந்தத் தொல்லையே கிடையாது.

கேட்டதற்கு மேலாளர் சொன்ன பதில்: “சாஃப்ட்னர் போட்டிருக்கோம் சார், ஃபாரின் மாடல்.”

அங்கேதான் கோளாறு. லண்டனில் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீருக்கு சாஃப்ட்னர் சரியான மருந்து. சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடும், அவ்வளவுதான் அதன் வேலை. உப்பை அது எடுக்காது. கரைந்த உப்பு இவ்வளவு இருந்தால் சுண்ணாம்பைப் பிடிக்கும் வேலையே தடுமாறும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் 300 ரூபாய் டிடிஎஸ் பேனாவை முக்கிப் பார்த்தால் போதும்: சாஃப்ட்னருக்கு முன்னால் 2,900, பின்னால் 2,900. குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. குளிக்கிற தண்ணீர்தானே என்று விட்டாலும் கீசர் விடாது. உள்ளே துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மக்னீசியக் கம்பியை உப்பு சீக்கிரமே தின்றுவிடும், அடுத்து தொட்டிதான். ஷவர் முனையை ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அடைப்பு போகும். துருப்புள்ளி போகாது. கடலோரத்தில் 304 என்கிற சாதாரண ரக எஃகு இப்படித்தான் புள்ளி விழும், உப்பை இன்னும் தாங்கும் 316 ரகம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அன்று மாலை புல்வெளிக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சினார்கள். பிறகு அதே குழாயில் 4,100. ராமநாதபுரத்தில் புல்வெளி! சீமைக் கருவேலத்துக்கு நடுவே அந்தப் பச்சையைக் காப்பாற்ற 80 அடி போரில் மோட்டார் ஓடுகிறது.

கடலோர மணலில் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். கடல்நீர் கொஞ்சம் கனம் கூடுதல், நாற்பதில் ஒரு பங்கு. அதனால் ஊற்று கடல்மட்டத்துக்கு 1 அடி மேலே நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி. மேலே 1 அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். ஆழமாகத் துளைத்து வேகமாக இறைத்தால் மோட்டாரின் வாய்க்கு நேரே உப்பு கூம்பாக எழுந்து வரும். மணலில் கையால் பள்ளம் பறித்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிறைத்த ஊருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்ஜினியர்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை கரண்ட் போனது. ஆர்ஓ நின்றது. அன்றைக்கு வந்த ஃபில்டர் காபி பழைய வீட்டுக் காபி. முதல் இரண்டு நாளும் அதே தூள், அதே பால், ஆனால் 40 டிடிஎஸ் ஆர்ஓ தண்ணீரில் சப்பென்று இருந்தது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து என்றால், சமையற்கட்டுக்குப் பின்னால் ஓர் உறைகிணறு. சிமெண்ட் பலகை போட்டு மூடி, மேலே உருளியில் செம்பருத்தி மிதக்கவிட்டிருந்தார்கள். அழகுக்காம். உருளியை நகர்த்தினால் பன்னிரண்டு உறை, 10 அடியில் தண்ணீர். பேனாவில் 380.

“இதுல பருப்பு போட்டா கொதி வந்ததும் மலர்ந்துரும் தம்பி. போர்த் தண்ணில விறகுதான் வீணாகும்” என்றார் பாத்திரம் கழுவ வந்த அம்மா.

அந்தப் பக்கம் தங்கப் போகிறவர்கள் கடல் தெரியும் அறை கேட்கிற சூட்டோடு, ஆளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணியும் கேட்டு வைப்பது நல்லது. ஷவரில் உடம்பைக் கழுவிவிட்டு, கடைசியில் தலையோடு அந்த 15 லிட்டரை ஊற்றிக்கொண்டால் முடி சணல் ஆகாது. நாங்கள் கேட்டபோது முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். மழையையும் விட்டுவிடுகிறார்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் பெய்தால் 900 லிட்டருக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் அவ்வளவும் குழாய் வழியே கடலுக்குப் போகிறது.

கிளம்பும்போது மேலாளர் உற்சாகமாக ஒரு செய்தி சொன்னார். விருந்தினர்கள் விரும்புவதால் உறைகிணற்றிலும் 2 எச்பி மோட்டார் இறக்கப் போகிறார்களாம். அரை எச்பி போதும், கால் மணி ஓட்டி ஒரு மணி நேரம் ஊற விடுங்கள் என்று எழுதியே கொடுத்துவிட்டு வந்தோம். தாளை வாங்கி உருளிக்கு அடியில் செருகினார்.