ராயபுரம் டூ பழவேற்காடு நன்கொடை சைக்கிள் பயணம்: பணம் கட்டிப் போகலாமா?

போகலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். ஐந்துக்கு நான்கு. குறைத்த அந்த ஒன்றுக்காகத்தான் கீழே இவ்வளவு நீளம்.

பொங்கல் கழித்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாற்றுத்திறனாளிகளுக்கு நிதி திரட்ட ஒரு அறக்கட்டளை ஏற்பாடு செய்த பயணம் இது. ராயபுரம் ரயில் நிலையம் பக்கத்தில் கிளம்பி காசிமேடு, எண்ணூர் விரைவுச்சாலை, எர்ணாவூர் மேம்பாலம், மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி என்று போய்ப் பழவேற்காட்டில் முடிகிறது. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அவ்வளவு தம் இல்லாதவர்கள் மீஞ்சூரோடு நிறுத்திக்கொண்டு மின்சார ரயிலில் திரும்பிவிடலாம். பதிவுக் கட்டணம் ஆயிரத்து இருநூறு ரூபாய். டி-ஷர்ட், காலை டிபன், மதியச் சாப்பாடு, வழியில் மோர், வாழைப்பழம், கடலைமிட்டாய் எல்லாம் அதில் அடக்கம். நன்கொடை தனி, அவரவர் இஷ்டம்.

இந்த மாதிரிப் பயணங்கள் நம்ம ஊரில் பெரும்பாலும் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாம் ஓட்டிக்கொண்டு போவோம், யாருக்காக ஓட்டுகிறோமோ அவர்கள் போய்ச் சேரும் இடத்தில் காலையிலிருந்து பந்தலுக்கடியில் உட்கார்ந்திருப்பார்கள், பிரமுகர் வந்து வீல்சேர் கொடுப்பார், போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவோம். இங்கே அவர்களும் ஓட்டுகிறார்கள். பார்வையில்லாதவர்கள் டாண்டம் சைக்கிளின் பின் சீட்டில், முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்கள் கையால் சுற்றும் சைக்கிளில், பேலன்ஸ் வராதவர்கள் மூன்று சக்கரத்தில், காது கேளாதவர்கள் சாதாரண சைக்கிளில் நம்மையெல்லாம் முந்திக்கொண்டு. நான் பணம் கட்டியதே இதற்காகத்தான், அந்த விஷயத்தில் ஏமாற்றமில்லை.

டாண்டத்தின் முன் சீட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன், இது இரண்டு பேர் உட்காரும் நீளமான சைக்கிள் என்பதோடு முடிகிற விஷயமில்லை. முன் பெடலும் பின் பெடலும் செயினால் பிணைக்கப்பட்டவை, முன்னால் இருப்பவர் காலை நிறுத்தினால் பின்னால் இருப்பவர் காலும் நின்றே ஆக வேண்டும், சொல்லாமல் நிறுத்தினால் அவருக்கு முழங்காலில் வெட்டும். கிளம்பும்போது முன்னால் இருப்பவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, பிரேக்கைப் பிடித்து வண்டியை அசையாமல் நிறுத்த வேண்டும். பின்னவர் ஏறி உட்கார்ந்து இரண்டு பெடலிலும் கால் வைத்து "போலாம்" என்ற பிறகுதான் நகர்வது. வளைவு என்றால் அகலமாகச் சுற்ற வேண்டும், இரண்டு பேர் எடை என்பதால் பிரேக் பிடித்தாலும் கொஞ்சம் தூரம் ஓடித்தான் நிற்கும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பும் அன்று காலை அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். போதாது. முந்தின வாரமே ஒரு மைதானத்தில் ஜோடி ஜோடியாக ஓட்டிப் பழக்கியிருக்க வேண்டும்.

அந்த அரை மணி நேரப் பயிற்சியிலும் ஒரு கூத்து. "பின்னால் இருப்பவருக்கு வழியில் என்னவெல்லாம் தெரிகிறது என்று விவரித்துக்கொண்டே போங்கள், அவர்களும் ரசிக்கட்டும்" என்று எங்களுக்குச் சொல்லிவைத்தார்கள். எனக்கு ஜோடி சேர்ந்தவர் தண்டையார்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அந்தப் பக்கமே பிறந்து வளர்ந்தவர். காசிமேடு தாண்டி வலது பக்கம் கடல் தெரிய ஆரம்பித்ததும் நானும் சொன்னபடியே அலைக்குக் கொட்டிய பாறை, தூரத்தில் நிற்கும் கப்பல் என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "தம்பி, கப்பல் எங்கயும் போவாது, அங்கயேதான் நிக்கும். நீ பள்ளத்தச் சொல்லு" என்றார். சரிதானே? பின் சீட்டில் இருப்பவருக்கு ஸ்பீடு பிரேக்கர் வருகிறது என்று தெரியாவிட்டால் அந்த அடி நேராக இடுப்பில் இறங்கும். அதற்கப்புறம் எங்கள் பேச்சு "மேடு", "பள்ளம்", "கியர் மாத்துறேன்ணே", "லெஃப்ட்ல ஒடிக்கிறேன்", "லாரி தாண்டுது" என்று சுருங்கிவிட்டது, வண்டியும் நன்றாக ஓடியது. அடுத்த வருஷம் முன் சீட்டுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க இவரைப் போன்ற ஒருவரைப் பிடித்துப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கையால் சுற்றும் சைக்கிள்காரர்களை ஏற்பாட்டாளர்கள் கவனித்த விதம் உண்மையிலேயே அருமை. எண்ணூர் சாலை எப்படிப்பட்டது என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி எந்நேரமும் ஓடும். இந்தச் சைக்கிள்கள் தாழ்வானவை, லாரி டிரைவர் இருக்கும் உயரத்திலிருந்து பார்த்தால் கண்ணிலேயே படாது. ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் ஆரஞ்சுக் கொடி கட்டியிருந்தார்கள், முன்னும் பின்னும் ஒரு பைக், வலது பக்கம் எப்போதும் ஒரு தொண்டர். அடுத்தது சூடு. முதுகுத்தண்டில் மேலே அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு தன்னால் சூட்டைத் தணித்துக்கொள்ளாது, அதனால் ஜனவரி வெயிலே அவர்களுக்கு அதிகம். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலோடு ஒரு பெண் அவர்கள் கூடவே ஓட்டிக்கொண்டு வந்தார். நிற்கும் இடங்களிலெல்லாம் கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி எடையை மாற்றிக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்தில் புண் வந்துவிடும், அவர்களுக்கு அங்கே உணர்ச்சி இல்லாததால் வந்ததே தெரியாது. யாரோ விவரம் தெரிந்தவர் உட்கார்ந்து போட்ட திட்டம் இது.

எர்ணாவூர் மேம்பாலத்தில்தான் சிக்கல். கையால் சுற்றும் சைக்கிளில் வீல்சேருக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் வகை இருக்கிறதே, அதில் இழுப்பது முன் சக்கரம், எடையெல்லாம் பின்னால். ஏற்றத்தில், அதுவும் ரோட்டோரம் மண் படிந்திருக்கும் இடத்தில், முன் சக்கரம் பிடிமானமில்லாமல் நின்ற இடத்திலேயே சுற்றும். தொண்டர்கள் பாய்ந்து போய்ப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள். ஒரு அக்கா அப்படியே பிரேக்கைப் பிடித்துவிட்டுத் திரும்பி, "கேட்டுட்டுத் தள்ளுங்க" என்றார். ஒரு நிமிஷம் அமைதி. பிறகு ஒருவர் கேட்டார், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உடம்பை முன்னால் சாய்த்து, நடு ரோட்டுக்கு வண்டியை ஒடித்து, தானாகவே ஏறினார். பின்னால் ஒரு கன்டெய்னர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, வந்தால் வரட்டும்.

காது கேளாதவர்கள் விஷயத்தில் கோட்டை விட்டார்கள். வழிகாட்டித் தொண்டர்கள் எல்லோர் கழுத்திலும் விசில்! விசில் ஊதி யாரை நிறுத்துவது? மணலி புதுநகரில் திரும்ப வேண்டிய இடத்தில் நான்கைந்து பேர் நேராகப் போய்விட்டார்கள், ஒருவர் பைக்கில் விரட்டிப் பிடித்துக் கூட்டிவந்தார். ஒரு சிவப்புக் கொடி போதும் இதற்கு.

பதிவுப் படிவமும் அப்படித்தான். பார்வை, செவி, கை கால், மற்றவை என்று நான்கே கட்டம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. அத்தனைக்கும் கட்டம் போட வேண்டாம், "மற்றவை" என்று எழுதியவர்களுக்கு ஒரு போன் போட்டு என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன், பதினாலு பதினைந்து வயசு இருக்கும், அப்பாவோடு மூன்று சக்கரத்தில் வந்திருந்தான். கிளம்புகிற இடத்தில் செண்டை மேளம், பத்தாததற்கு ஸ்பீக்கர். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவன் உட்கார்ந்தே விட்டான். அந்த அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய் நின்றுகொண்டார். மேடையில் ஒருவர் 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இதே ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு போனது என்று விலாவாரியாக ஆரம்பித்தார், நல்லவேளை, அதற்குள் கொடியை அசைத்துவிட்டார்கள்.

நாள் தேர்வும் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை காசிமேட்டில் பாதி மெட்ராஸ் மீன் வாங்க நிற்கும், இது இந்த ஏரியாவில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டிகளுக்கு நடுவில் டாண்டத்தை ஓட்டுவது வேடிக்கையில்லை. சனிக்கிழமை வைத்திருக்கலாம். ஜனவரி சரியான மாசம்தான், அதில் குறையில்லை.

இப்போது அந்த ஒரு மார்க். காலை டிபனுக்கு மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். இட்லி, பொங்கல், வடகறி, எல்லாம் சூடாக இருந்தது, வடகறிக்காக ஒருமுறைக்கு இருமுறை வரிசையில் நின்றேன். ஆனால் மண்டபத்துக்கு ஏற மூன்று படி. மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம் வைத்துக்கொள்ளுங்கள். சாய்தளத்துக்கான பொது அளவு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அப்படியானால் பதினெட்டு அடி வேண்டும். அங்கே போட்டிருந்தது சாரத்துப் பலகை ஒன்று. வீல்சேரில் இருந்த ஒவ்வொருவரையும் நான்கு பேர் சேர்ந்து தூக்கி உள்ளே வைத்தார்கள். கழிவறைக் கதவு இரண்டடி, வீல்சேர் நுழையவே நுழையாது. விடியற்காலை கிளம்பி, தண்ணீர் குடி குடி என்று வழியெல்லாம் சொல்லி ஓட்டவிட்டு, கடைசியில் போக இடம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? மேம்பாலத்தில் பார்த்த அந்த அக்கா டிபன் பக்கமே வராமல் வாசலிலேயே இருந்தார், கேட்டால் "பசிக்கல" என்றார். பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டிடங்களையும் அந்த 2016 சட்டம் பொதுக் கட்டிடம் என்றுதான் சொல்கிறது, மண்டபக்காரருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்காகவே பயணம் நடத்துகிறவர்கள் முன்கூட்டியே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவை அளந்து பார்க்க வேண்டாமா? மண்டபம் கிடைக்காவிட்டால் வீல்சேர் போகிற நடமாடும் கழிவறை வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கலாம். டி-ஷர்ட்டில் ஆன செலவைக் குறைத்தாலே போதும், துணி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு அது தேவைப்படவில்லை.

பணக் கணக்கில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. பதிவுக் கட்டணம் பயணச் செலவுக்கு, நன்கொடை முழுக்க உதவிக்கு என்று தனித்தனியாகப் பிரித்து, பயணம் முடிந்த பிறகு வரவு செலவை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவுக்கான ரசீது (80ஜி என்பார்கள்) உண்டு, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் அது பயன்படும், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, யுபிஐயில் அனுப்பிவிடுங்கள். இந்த வருஷப் பணம் ஆளுக்கு அளவெடுத்துச் செய்யும் வீல்சேருக்கும், ஏற்கெனவே இருக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கவும் போகிறதாம். பழுது பார்ப்பதைச் சேர்க்கச் சொன்னது பயணத்தில் ஓட்டியவர்களே. பொன்னேரி தாண்டி மோர் குடிக்க நின்றபோது ஒருவர் சொன்னார்: "வீல்சேர் குடுக்க ஆயிரம் பேர் வருவாங்க தம்பி, டியூப் மாத்த ஒருத்தன் வர மாட்டான்." அளவு சரியில்லாத இனாம் வண்டியில் உட்கார்ந்து முதுகு வளைந்து போனவர்களை அவருக்கு நேரிலேயே தெரியுமாம்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை சுகமான ஓட்டம். லாரி குறைந்து, இரண்டு பக்கமும் வயல், எதிர்க்காற்று மட்டும் கொஞ்சம். ஏரியில் தூரத்தில் பூநாரைகள் இருந்தன. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கும் கூட்டிப்போனார்கள், வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், பிள்ளைகள் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மதியம் இறால் தொக்கும் மீன் குழம்பும், சைவத்துக்கு சாம்பார் சாதம். இறால் பிரமாதம்.

நிறைவு விழா மட்டும் பழைய பாணி. முக்கால் மணி நேரம் பேச்சு, பொன்னாடை, "இவர்களைப் பார்த்து நாம் பாடம் கற்க வேண்டும்" வகையறா. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து அவர்களைப் பற்றியே பேசினார்கள், மைக்கை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. என் பின் சீட்டு அண்ணன் பாதியில் எழுந்து, என் தோளில் கை வைத்து, "வா, டீ குடிக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் திரும்பி வந்தபோதும் யாரோ பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சென்னைக்குத் திரும்ப ஆட்களுக்கு பஸ், சைக்கிள்களுக்குக் குட்டியானை. பஸ்ஸில் சாய்தளம் இருந்தது, மண்டபத்தில் பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ மேல். சொந்த சைக்கிள் கொண்டுபோகிறவர்கள் பழைய போர்வை ஒன்று எடுத்துப் போங்கள், ஏற்றும்போது பக்கத்திலேயே நின்று பின் கியர் இருக்கும் பக்கம் மேலே வருகிற மாதிரி படுக்கவையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதில் என் நண்பனுக்கு கியர் வளைந்தே வந்து சேர்ந்தது, செலவை யாரும் கொடுக்கவில்லை.