தீயணைப்பான் சர்வீஸ்: திருப்பூரில் ஒரு நேர்மையான கடை

எங்கள் பனியன் கம்பெனியின் கணினி அறையில் அப்பா காலத்து ஹாலான் 1211 என்ற தீயணைப்பு வாயு அடைத்த சிலிண்டர் தூசி படிந்து கிடந்தது. முதலில் விசாரித்த கடையில், "மொட்டை மாடியில் திறந்துவிடுங்கள், தீர்ந்தது" என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவிநாசி சாலைக் கடைக்காரர் அப்படியில்லை. சிலிண்டரின் அழுத்தமானி முள் பச்சையில் நின்றபோதும் நம்பாமல் தராசில் ஏற்றினார். "எடைதான் சாட்சி, தம்பி. இதிலுள்ள புரோமின் ஓசோனைத் தின்றுவிடும். தீயணைப்புக்கென்று புதிதாகத் தயாரிப்பது 2010-இலேயே நின்றுவிட்டது. மீட்டுச் சுத்திகரித்தால் விமானத் தீயணைப்பான்களுக்கு ஆகும்" என்றபடியே வால்வுக்கு மூடி திருகி, ரசீது எழுதினார்.

மாற்றாகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கினேன். ஏகக் கனம், தூக்கினால் இடுப்பு பிடிக்கிறது. சொன்ன நாளுக்கு நான்கு நாள் கழித்துத்தான் வண்டி வந்தது. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.